உங்களுக்கு என்ன வயது?

ஹனோய்: ஏரிக்கரை

ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வெள்ளிக்கிழமை மாலை முதல் ஞாயிறு இரவு வரை வண்டிகளை விடமாட்டார்கள். பிப்ரவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை அங்கே போயிருந்தேன். மழை என்றும் சொல்ல முடியாமல் பனி என்றும் சொல்ல முடியாமல் ஓர் ஈரம் காற்றிலேயே நின்றது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கையில் நோட்டும் பேனாவுமாக என் முன்னால் வந்து நின்றாள். நாலடி தள்ளி அவளுடைய அம்மா. சிறுமி மூச்சை இழுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். பெயர் கேட்டாள், ஊர் கேட்டாள். மூன்றாவதாகக் கேட்டாள்: "உங்களுக்கு என்ன வயது?"

பக்கத்தில் இருந்தவள் சிரித்துவிட்டாள். "டீச்சர், இந்தக் கேள்விய கேக்கக் கூடாதுன்னு தினமும் வகுப்புல சொல்றேன். தினமும் கேக்குறாங்க."

அவள் என் பழைய மாணவி. மன்னார்குடிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அங்கே எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை என் வகுப்பில் இருந்தவள். நான்கு வருஷமாக ஹனோயில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறாள். நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து "ஒரு தடவை வந்து என் வகுப்பைப் பாருங்க டீச்சர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அறுபத்தொன்று என்று அந்தச் சிறுமியிடம் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து வியட்நாமிய மொழியில் ஏதோ கேட்டாள், அம்மா ஒரே சொல்லில் பதில் சொன்னார். என் மாணவி எனக்கு விளக்கினாள்: "உங்கள ‘பா’ன்னு கூப்பிடணுமா ‘பாக்’குன்னு கூப்பிடணுமான்னு கேட்டா. பாட்டியா, பெரியம்மாவான்னு. பெரியம்மான்னு முடிவு பண்ணியிருக்காங்க."

அந்தப் பயணத்தில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அந்தக் கேள்விதான். வியட்நாமிய மொழியில் ‘நீ’, ‘நான்’ என்று பொதுவாகச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவது கடினம். எதிரில் இருப்பவர் அண்ணனா, அக்காவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று தெரிந்தால்தான் அவரை எப்படி அழைப்பது, தன்னை என்ன சொல்லிக்கொள்வது என்பது தெரியும். அப்பாவின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறு சொல். நம்மைப் போலவேதான். ஆனால் நமக்கு ‘நான்’ என்ற சொல்லாவது எல்லாரிடமும் ஒன்றாக இருக்கிறது. அவர்களுக்கு அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். ஆசிரியை தன்னைக் ‘கோ’ என்பார். அத்தை என்றும் பொருள், டீச்சர் என்றும் பொருள். மாணவன் தன்னை ‘எம்’ என்பான், தம்பி. வயது தெரியாமல் ஒரு வாக்கியம்கூட நகராது. ஆங்கிலப் பாடப்புத்தகம் இந்தக் கேள்வியை மரியாதைக் குறைவு என்கிறது. அந்தச் சிறுமிக்கோ அதைக் கேட்காமல் பேசுவதுதான் மரியாதைக் குறைவு.

ஹனோய்: மாலை வகுப்பு

ஆங்கில மையங்களுக்கு முன்னால் மாலை ஆறு மணிக்கு நிற்கும் கூட்டத்தை ஹனோய் முழுக்கப் பார்க்கலாம். ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து பிள்ளை இறங்கும். அம்மா கையில் வைத்திருக்கும் ஒட்டரிசிச் சோற்றில் கடைசி வாயை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடும். இரண்டு மணி நேரம் கழித்து அதே ஸ்கூட்டர், அதே இடம். எங்கள் ஊரில் டியூஷன் விடும் நேரத்தில் நிற்கும் சைக்கிள்களை நினைத்துக்கொண்டேன்.

வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். எல்லாரும் எழுந்து நின்று "குட் ஈவினிங் டீச்சர்" என்று ராகம் போட்டார்கள். இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் சில ஆசிரியர்களுக்கு இந்த ‘டீச்சர்’ ஒட்டாது, பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார்களாம். பிள்ளைகள் தலை குனிந்துகொள்வார்களாம். என் மாணவி அப்படிச் சொல்வதில்லை. அவளே என்னை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவளால் எப்படி அதைக் கேட்க முடியும்?

அன்றைய பாடம் சாப்பாட்டுப் பெயர்கள். ரைஸ் என்ற சொல்லைப் பதினான்கு பேரும் ‘ராய்’ என்றார்கள். லைஃப், லைக், லைட் மூன்றும் ‘லாய்’தான். சொல்லின் கடைசி ஒலி வாசல் வரை வந்து நின்றுவிடுகிறது. காரணம் அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. வியட்நாமியச் சொல்லின் கடைசியில் ப், ட், க் வரலாம், ஆனால் உதட்டையோ நாக்கையோ மூடியதோடு சரி, காற்று வெளியே வராது. ஸ், ஃப், ல் ஆகியவை சொல்லின் இறுதியில் வருவதே இல்லை. இல்லாத ஒன்றை அந்தக் குழந்தையின் காது எப்படிக் கேட்கும்?

எனக்கு முப்பத்திரண்டு வருஷமும் இதற்கு நேர்மாறான கஷ்டம். தமிழில் வல்லின மெய்யில் சொல் முடியாது. பாக்கு, பஞ்சு, வண்டு என்று ஓர் உகரம் தாங்கிக்கொள்ளும். அரை மாத்திரையே ஒலிக்கும் குற்றியலுகரம். அந்தப் பழக்கத்தில் எங்கள் பிள்ளைகள் புக்கு, கேட்டு, பஸ்ஸு என்பார்கள். வருஷா வருஷம் ஜூன் மாதம் முழுக்க அந்த அரை மாத்திரையை நறுக்குவதிலேயே போகும். என்னுடைய நாக்கிலும் அது இருந்தது; கல்லூரிக்குப் போன பிறகுதான் விட்டது. ஹனோயில் என் மாணவி அதே வேலையைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தாள். நான் நறுக்கிய இடத்தில் அவள் ஒட்ட வேண்டியிருந்தது.

என்னையும் கொஞ்ச நேரம் நடத்தச் சொன்னாள். பலகையில் ஒரு ஸ்கூட்டர் வரைந்தேன், பின் சக்கரத்தில் ஓர் ஆணி. "ஸ்ஸ்ஸ்" என்று காற்று இறங்குவதைச் செய்து காட்டினேன். பஞ்சர் தெரியாத பிள்ளை அந்த ஊரில் கிடையாது. பதினான்கு சக்கரங்களிலும் காற்று இறங்கியது. "ராய்... ஸ்ஸ்ஸ்". இரண்டையும் மெல்ல மெல்ல நெருக்கிக் கொண்டுவந்தபோது மூலையில் இருந்த ஒரு பையன் சட்டென்று ‘ரைஸ்’ என்றான். சொன்ன பிறகு தன் வாயையே தொட்டுப் பார்த்துக்கொண்டான். அந்தக் கையசைவை நான் எத்தனையோ தடவை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். இதற்காகத்தான் இந்த வேலையில் இருந்தேன்.

வகுப்பு முடிந்து முட்டைக் காப்பி குடிக்கப் போனோம். 1946இல் ஊரில் பால் தட்டுப்பாடு வந்தபோது மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த ஒருவர் பாலுக்குப் பதில் முட்டையின் மஞ்சள் கருவை அடித்துச் சேர்த்தது இன்று ஹனோயின் அடையாளம். கோப்பையை வெந்நீர்க் கிண்ணத்தில் உட்கார வைத்துத் தருகிறார்கள். சூடு ஆறுவதற்குள் என் மாணவி தன் கதையைச் சொன்னாள். வந்த புதிதில் ஒரு மையம் தொலைபேசியில் பேசிப் பார்த்து வேலை உறுதி என்றதாம். மறுநாள் காணொளியில் முகத்தைப் பார்த்ததும் இடம் நிரம்பிவிட்டது என்றதாம். இப்போதிருக்கும் இடத்தில் முதல் மாதம் வாசலில் பெற்றோர் கேட்டார்களாம்: ‘வெளிநாட்டு ஆசிரியர் எப்போது வருவார்?’ அவள்தான் அந்த வெளிநாட்டு ஆசிரியர். அவளோடு சேர்ந்த ஓர் இளைஞருக்கு இதற்கு முன் ஒரு நாள்கூட வகுப்பெடுத்த பழக்கமில்லை. ஆங்கிலம் பேசும் நாட்டில் பிறந்தவர் என்பதால் அவருக்குச் சம்பளம் அதிகம். இன்றும் அதிகம்தான்.

தாய்மொழியாகப் பேசுகிறவரே சிறந்த ஆசிரியர் என்ற எண்ணம் இன்று நேற்று வந்ததில்லை. உகாண்டாவின் மாக்கரேரேயில் 1961இல் நடந்த மாநாட்டில் அது ஒரு கோட்பாடாகவே உருக்கொண்டதை ராபர்ட் ஃபிலிப்சன் 1992இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டி, அதற்கு ஆதாரமில்லை என்று வாதிட்டார். நூல் வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. சம்பளப் பட்டியல் மாறவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ரைஸ் என்ற சொல்லைப் பிறந்ததிலிருந்து சொல்லிவருகிறவருக்கு அதன் கடைசி ஒலி எங்கே தொலைகிறது என்று தெரிய வேண்டிய அவசியமே இருந்ததில்லை. என் மாணவிக்கு அது தெரியும். அவள் எட்டாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து அதே மேட்டில் மூச்சு வாங்கியவள்.

ஹனோய்: வான் மியூ

மறுநாள் வான் மியூ. இலக்கியக் கோயில் என்று பெயர். 1070இல் கட்டி கன்பூசியஸுக்குக் காணிக்கையாக்கியது. ஆறு வருஷம் கழித்து அங்கேயே அரச கல்விக்கூடமும் வந்தது. முற்றத்தின் இருபுறமும் கல் ஆமைகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஒவ்வோர் ஆமையின் முதுகிலும் ஒரு கல்வெட்டு, மொத்தம் 82. அரசுத் தேர்வில் மிக உயர்ந்த பட்டம் வென்றவர்களின் பெயரும் ஊரும் அவற்றில் இருக்கின்றன. 1442இல் நடந்த தேர்விலிருந்து தொடங்குகிறது. பரீட்சைக்கு முன் ஆமைத் தலையைத் தடவிவிட்டுப் போனால் தேறலாம் என்று பிள்ளைகள் தடவித் தடவிக் கல் தேய்ந்தது. இப்போது வேலி போட்டுவிட்டார்கள்.

அந்த 82 கல்லிலும் இருப்பது சீன எழுத்து. தேர்வும் செம்மொழிச் சீனத்தில்தான். 1919இல் கடைசித் தேர்வு நடக்கும்வரை இந்த நாட்டில் ஒரு பையன் முன்னுக்கு வர வேண்டுமென்றால் வீட்டில் பேசாத ஒரு மொழியில் எழுதியாக வேண்டும். பெண்ணுக்குத் தேர்வெழுதும் அனுமதியே இல்லை. ஆமைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் அந்தப் பையன்களின் பெயர் தெரியாத வாத்தியார்களைத்தான் நினைத்தேன். கிராமத்துத் திண்ணையில் அமர்ந்து, தானும் கடன் வாங்கிக் கற்ற மொழியைக் கற்றுக்கொடுத்தவர்கள். அவர்கள் பெயரை யாரும் கல்லில் வெட்டவில்லை.

நின் பின்

ரயிலில் தெற்கே இரண்டு மணி நேரம் போனால் நிலம் மாறிவிடுகிறது. வயல் மட்டமாகக் கிடக்கிறது, அதிலிருந்து சுண்ணாம்புப் பாறைகள் முன்னறிவிப்பில்லாமல் செங்குத்தாக எழும்பி நிற்கின்றன. எங்கள் காவிரிப் படுகையில் கண் போகிற தூரம் வரை தடுப்பே கிடையாது. தென்னை வரிசைதான் எல்லை. வயலுக்கு நடுவே மலையைப் பார்ப்பது எனக்குப் புதிது. ஆனால் வயல் புதிதில்லை. புத்தாண்டான தெட் முடிந்து நடவு நடந்துகொண்டிருந்தது. கூம்புத் தொப்பி போட்ட பெண்கள் வரிசையில் குனிந்து பின்னோக்கி நகர்ந்தார்கள். சேற்று வாசனைகூட எங்கள் ஊர் வாசனைதான்.

நாங்கள் தங்கிய வீட்டுத் தாத்தா ஓய்வு பெற்ற ஆசிரியர் என்றதும் எனக்கு ஊரிலிருந்து ஒருவர் வந்தது போல ஆகிவிட்டது. அவரோடு ஆங்கிலத்தில் பேசினேன். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பது போலப் பேசினார். இளமையில் அவர் படித்ததும் கற்பித்ததும் ரஷ்ய மொழி. போர் முடிந்து நாடு ஒன்றான பிறகு ரஷ்யன்தான் பெரிய மொழி. கெட்டிக்காரப் பிள்ளைகள் மாஸ்கோவுக்கும் கீவுக்கும் போனார்கள். 1986இல் நாடு பொருளாதாரக் கதவைத் திறந்தது. ஐந்து வருஷத்தில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிற்று. பள்ளிகளில் ரஷ்யனுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆங்கிலத்துக்கு ஆசிரியர்கள் இல்லை. ரஷ்ய ஆசிரியர்களையே ஆங்கிலம் படிக்க அனுப்பினார்கள். நாற்பது வயதில் பெஞ்சில் உட்கார்ந்து அரிச்சுவடி தொடங்கினாராம். பகலில் அவர் நடத்தும் பாடத்தை முந்தின இரவுதான் படித்திருப்பார். "மாணவர்களுக்கு ஒரு பாடம் முன்னால் இருந்தேன். அவ்வளவுதான்" என்றார்.

அவருடைய தாத்தாவுக்குச் சீன எழுத்து தெரியும். அப்பாவுக்குப் பிரெஞ்சு. அவருக்கு ரஷ்யன். மகளுக்கு ஆங்கிலம். மூத்த பேத்தி பாக் நின்னில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு கொரிய மொழி படிக்கிறாள். ஒரே குடும்பம், ஐந்து தலைமுறை, ஐந்து பள்ளிக்கூட மொழிகள். இதில் கசப்பு உண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தேநீரைப் பார்த்தார். ஆங்கிலம் எதிரியின் மொழிதானே என்றும் கேட்டேன். 1972 டிசம்பரில் ஹனோய் மீது விழுந்த குண்டுகளின் ஓசை கேட்ட தலைமுறை அவருடையது. குண்டுக்கு மொழி கிடையாது என்றார். பிறகு அலமாரியைத் திறந்து ரஷ்ய அகராதி ஒன்றை எடுத்துக் காட்டினார். அட்டை பிய்ந்து துணி ஒட்டியிருந்தது. அதை எறிய மனம் வரவில்லை என்றார். அந்த மொழியில் பேச ஊரில் இப்போது யாரும் இல்லை.

இளைய பேரனுக்கு ஒன்பது வயது. எனக்கு ‘மா’ கற்றுக்கொடுத்தது அவன்தான். வியட்நாமிய மொழியில் ஒரே ‘மா’வை ஆறு விதமாக இழுக்கலாம். சமமாகச் சொன்னால் பேய். மேலே ஏற்றினால் அம்மா. இறக்கினால் ‘ஆனால்’. வளைத்தால் கல்லறை. நடுவில் உடைத்து ஏற்றினால் குதிரை. அழுத்தி நிறுத்தினால் நாற்று. நான் ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அவன் தலையை ஆட்டினான், இல்லை என்பதற்கு. என் காதுக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்டது. வாலை, வாளை, வாழை என்று பலகையில் எழுதிப்போட்டுவிட்டு, வித்தியாசம் தெரியவில்லையா என்று நான் பிள்ளைகளை அதட்டிய நாட்கள் நினைவுக்கு வந்தன. அதட்டியிருக்கக் கூடாது.

அவன் அதட்டவில்லை. கையைப் பிடித்து வரப்புக்குக் கூட்டிப்போனான். முடிச்சாகக் கட்டிவைத்திருந்த நாற்றைத் தூக்கிக் காட்டி, காலால் மண்ணை ஓங்கி மிதித்தபடி ‘மா’ என்றான். குரலையும் அதே போல் மிதித்து நிறுத்தினான். நானும் மிதித்துச் சொன்னேன். இந்தத் தடவை தலை மேலும் கீழும் ஆடியது. ஆறில் எனக்கு வாய்த்தது அந்த ஒன்றுதான்.

அன்று மதியம் சாப்பாட்டில் ஒரு தட்டு அரிசிச் சேமியா. இடியாப்பத்தைப் பிரித்துப் போட்டது போல இருந்தது. பக்கத்தில் மீன் சாறும் ஒரு கூடைப் பச்சிலைகளும். மாவைப் பிழிந்து எடுப்பதாகப் பாட்டி கையால் அழுத்திக் காட்டினார். நானும் எங்கள் உரலை அழுத்துவது போல் செய்து காட்டினேன். அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

ஹுவே

ஹனோயிலிருந்து சைகோன் வரை தண்டவாளம் 1,726 கிலோமீட்டர். 1936இல் முழுப் பாதையும் முடிந்தது. போரில் துண்டு துண்டாகி, 1976இல் மறுபடி ஒட்டியது. இரவு முழுக்கப் பயணம் செய்து காலையில் ஹுவேயில் இறங்கினோம். 1802 முதல் 1945 வரை அரசர்கள் இருந்த ஊர். நறுமண ஆறு என்று பெயர் பெற்ற ஆறு அசையாமல் கிடந்தது. இங்கே பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மரக்கறிச் சாப்பாடு எல்லா இடத்திலும் கிடைக்கும். சின்னச் சின்னப் பீங்கான் கிண்ணிகளில் அவித்த அரிசி மாவு, இட்லியின் தங்கை என்று சொல்லலாம். நான் பன்னிரண்டு கிண்ணி சாப்பிட்டேன்.

என் மாணவியின் தோழி அங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. வியட்நாமியப் பெண்மணி. அவர் வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். ஒரு பாடம் நடத்துங்கள் என்றார். நான் கையில் ரயில் கால அட்டவணையோடு போனேன்.

இது என் சொந்த யோசனை இல்லை. என். எஸ். பிரபு என்ற பேராசிரியர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு முயற்சி செய்தார். இலக்கணத்தைத் தனியாக நடத்தாமல் பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுப்பது. ரயில் அட்டவணையும் ஊர் வரைபடமும் தேதித்தாளும்தான் பாடப்பொருள். கணக்கில் மனம் போகும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் எண்ணம். உலகம் முழுக்க இன்று ஆசிரியப் பயிற்சியில் பேசப்படும் பணிவழிக் கற்றலுக்கு அது ஒரு தொடக்கம். நம் பக்கத்து வகுப்பறையில் முளைத்தது அது என்று நம் ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பணியில் சேர்ந்து பல வருஷம் கழித்துத்தான்.

பலகையில் எழுதினேன்: நாளை தா நாங்கில் உங்கள் பெரியப்பா வீட்டில் தாத்தாவுக்குத் திதி. பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். எந்த ரயில்? அங்கே திதி பெரிய காரியம். உறவு மொத்தமும் கூடும், வராதவரை யாரும் மறக்கமாட்டார்கள். வகுப்பு உடனே நாலைந்து கூட்டமாகப் பிரிந்தது. வினைச்சொல்லுக்குக் காலம் இல்லை, பெயர்ச்சொல்லுக்குப் பன்மை இல்லை. அவர்கள் மொழியில் வினை மாறவே மாறாது, நேற்றும் நாளையும் தனிச் சொல்லாக வந்து நிற்கும். ஆனாலும் ஆங்கிலத்தில்தான் சண்டை போட்டார்கள். அந்த ரயில் நேரத்துக்கு வராது என்றாள் ஒருத்தி. பூ வாங்க நேரம் வேண்டாமா என்றாள் இன்னொருத்தி. கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, ரயில் வேண்டாம், மோட்டார் சைக்கிளில் ஹாய் வான் கணவாய் வழியாகப் போகலாம், வழியில் கடல் பார்க்கலாம் என்று முழுதாகச் சொன்னான். மூன்று வாக்கியம். அந்த ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வருஷம் அவன் வகுப்பில் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவையாம்.

அவரிடம் ‘பெரியப்பா’வைப் பற்றிச் சொன்னேன். பலகையில் நான் எழுதியது ‘அங்கிள்’. பிள்ளைகள் உடனே கேட்ட கேள்வி, அப்பாவுக்கு மூத்தவரா இளையவரா என்பதுதான். மூத்தவர் என்றதும் திதி ஏன் அவர் வீட்டில் நடக்கிறது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் இல்லாத வேறுபாட்டை அவர்கள் ஆங்கிலத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999இல் எழுதிய நூலில், தம் மாணவர்கள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் கிறுக்கியதையும் வரைந்ததையும் கூர்ந்து படித்திருக்கிறார். அச்சில் இருந்த உலகத்துக்குப் பக்கத்தில் அவர்கள் தங்கள் உலகத்தை எழுதிவைத்திருந்தார்கள். ஹுவே பிள்ளைகள் கேட்ட கேள்வியும் அப்படி ஓர் ஓரக் குறிப்பாகவே எனக்குப் பட்டது. அந்த ஓரத்தை விட்டுக்கொடுக்காமல் மொழியைக் கற்பிக்க முடியும் என்று நான் நம்புகிறேன். வீட்டுக்குள் போகும்போது செருப்பை வாசலில் விடுகிறோம். திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்க வேண்டும்.

ஹோய் ஆன்

ஹோய் ஆனில் விளக்குகளும் தையல்கடைகளும் ஏராளம். கடைக்காரப் பெண்கள் ஐந்தாறு மொழிகளில் விலை சொல்கிறார்கள். எனக்கு அந்த ஊரில் வேறொரு வேலை இருந்தது. நானூறு வருஷத்துக்கு முன் இது பெரிய துறைமுகம். 1617இல் வந்த பிரான்சிஸ்கோ த பினா என்ற போர்த்துகீசியப் பாதிரியார்தான் ஐரோப்பியர்களில் முதன்முதலாக இந்த மொழியைச் சரளமாகப் பேசியவர். 1625இல் இந்தக் கரையோரம் கடலில் மூழ்கி இறந்தார். அவரிடம் மொழி படித்த அலெக்சாண்டர் த ரோட்ஸ் 1651இல் ரோமில் வியட்நாமிய அகராதியை அச்சிட்டார். இன்று அந்த நாடு எழுதும் எழுத்து, ரோமன் எழுத்தின் தலையிலும் காலிலும் குறிகள் போட்டது, அந்த வழியில் வந்ததுதான். நம் கரைக்கு வந்தவர்களும் 1554இல் லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டுப் பார்த்தார்கள். ஆனால் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தைத் தமிழ் எழுத்திலேயே கொண்டுவந்தார்கள்.

த ரோட்ஸ் தம் பயண நூலில் ஒன்று எழுதியிருக்கிறார். வந்திறங்கியபோது அந்த ஊர்ப் பேச்சு பறவைகள் கீச்சிடுவது போல் கேட்டதாம். கற்கவே முடியாது என்று தோன்றியதாம். கடைசியில் தொனிகளையெல்லாம் மூன்றே வாரத்தில் கற்றுக்கொடுத்தது ஓர் உள்ளூர்ச் சிறுவன். இவருக்கு அவன் மொழி தெரியாது, அவனுக்கு இவர் மொழி தெரியாது. அகராதியில் அந்தச் சிறுவனின் பெயர் இல்லை. ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, நின் பின் வரப்பில் நாற்றுமுடியைத் தூக்கிக் காட்டிய பையனை நினைத்தேன். தரையை ஒரு தடவை மிதித்துச் சொல்லிப் பார்த்தேன். மா.

சைகோன்

சைகோனில் வெயில் எங்கள் ஊர் வெயில். சால்வையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பென் தான் சந்தைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழர்கள் கட்டியது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து அலுவலகங்களுக்கு வந்தவர்களும், வட்டித்தொழிலுக்கு வந்த நகரத்தார்களும் இந்த ஊரில் தமிழ் பேசிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். ஆட்சிகள் மாறின, அவர்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். கோயில் நின்றது. இப்போது கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களும் சீன வம்சாவளியினரும்தான்.

உள்ளே நுழைந்ததும் சூடமும் ஊதுவத்தியும் சேர்ந்த வாசனை. என் மாணவி ஒரு தூணருகே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். சம்பளத்தைப் பற்றி நாங்கள் திரும்பப் பேசவில்லை. இந்த வருஷமும் அதே மையம்தான், அதே மாலை வகுப்புதான் என்று ரயிலில் சொல்லியிருந்தாள். மூலையில் இருந்த அந்தப் பையன் இப்போது ‘ஃபிஷ்’ஷுக்கும் காற்று இறக்குகிறானாம்.

கருவறைக்குப் பின்னால் போனேன். கல்சுவரில் உள்ளங்கைகளைப் பதித்து, நெற்றியைச் சுவரில் வைத்து, பெண்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஏறியும் இறங்கியும் உடைந்தும் வந்த அந்த முணுமுணுப்பில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஓரமாக நின்றிருந்தேன். முடித்துவிட்டுத் திரும்பிய ஒரு பெண்மணி என் புடவையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பக்கத்தில் வந்தார்.

"ஹவ் ஓ யூ?" என்று கேட்டார். கடைசி ஒலிகள் வாசலிலேயே நின்றுவிட்டன.

"அறுபத்தொன்று" என்று ஆங்கிலத்தில் சொல்லி, உங்களுக்கு என்று நானும் கேட்டேன்.

ஐந்து விரலைக் காட்டினார், பிறகு எட்டு விரலை. "சி" என்றார் என்னைத் தொட்டு. அக்கா. தன் நெஞ்சைத் தொட்டு "எம்" என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப்போய், தாம் கை வைத்திருந்த அதே இடத்தில் என் கையை எடுத்துப் பதித்தார். கல் இன்னும் சூடாக இருந்தது.